தினசரி நாட்குறிப்பு இணையச் செயலி: ஆயத்த காம்பொனன்ட் லைப்ரரி வைத்துக் கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரியாக்ட் ஓரளவு தெரிந்து, மெட்டீரியல் யூஐ, மேன்டைன் போன்ற ஒரு லைப்ரரியை வைத்து நாட்குறிப்புச் செயலி செய்ய நினைப்பவர்களுக்கான பக்கம் இது. பட்டன், காலண்டர், டயலாக் எல்லாவற்றையும் லைப்ரரி தந்துவிடும். தேதியைப் பிசகாமல் கணக்கிடுவதும் எழுதியதைத் தொலைக்காமல் வைப்பதும் எந்த லைப்ரரியிலும் வராது. அதனால் பதில்களில் பெரும்பகுதி அந்த இரண்டைச் சுற்றியே இருக்கும்.

எந்த லைப்ரரியை எடுப்பது?

மெட்டீரியல் யூஐ, மேன்டைன் இரண்டில் எது என்றாலும் போதும். இரண்டின் அடிப்படைத் தொகுப்பும் எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது. மெட்டீரியல் யூஐயில் காலண்டர் 'எம்யூஐ எக்ஸ்' என்ற தனித் தொகுப்பில் வருகிறது. அதில் ஒற்றைத் தேதி பிக்கர் இலவசம், தேதி வரம்பு பிக்கருக்குக் கட்டணம். நாட்குறிப்புக்கு முதலாவதே போதும். மேன்டைனில் தேதிக்கென ஒரு தொகுப்பும், டிப்டேப் எடிட்டருக்கென ஒரு தொகுப்பும் உண்டு. ஆன்ட் டிசைன் அட்டவணையும் படிவமும் நிறைந்த நிர்வாகத் திரைகளுக்குப் பொருத்தமானது. எழுத இடம் தாராளமாக வேண்டிய செயலியில் அதன் நெருக்கமான அமைப்போடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

ஷாட்சிஎன் வேறு ரகம். வழக்கமான பேக்கேஜாக வராமல், காம்பொனன்டின் கோடையே உங்கள் புராஜெக்டுக்குள் நகலெடுத்து வைக்கும். தோற்றம் முழுக்க உங்கள் கையில், பராமரிப்பும் உங்கள் தலையில்.

இந்தத் தேர்வுக்கு ஒரு மாலைக்கு மேல் செலவழிக்க வேண்டாம். புராஜெக்டைத் தொடங்க வீட் (Vite) என்ற பில்ட் கருவி போதும். பழைய பாடங்களில் வரும் கிரியேட் ரியாக்ட் ஆப்பை 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே கைவிட்டுவிட்டது.

எத்தனை காம்பொனன்ட் தேவைப்படும்?

பத்துக்குச் சற்று மேல். பல வரி உரைப்பெட்டி, பட்டன், மாதக் காலண்டர், டயலாக், கீழே வந்து மறையும் ஸ்நாக்பார், மனநிலைக்கு ரேடியோ குழு, குறிச்சொல்லுக்குச் சிப், பக்கப் பலகை, ஏற்றும்போது காட்டும் ஸ்கெலிட்டன், தேடல் பெட்டி, அமைப்புகளுக்குச் சுவிட்ச். திரை மூன்று: எழுதும் திரை, பழைய பதிவுகள், அமைப்புகள். செயலியைத் திறந்ததும் வர வேண்டியது எழுதும் திரை, அதுவும் கர்சர் பெட்டிக்குள் துடித்துக்கொண்டிருக்க. முகப்பில் வரைபடமும் புள்ளிவிவரமும் வைத்து, எழுத இரண்டு முறை தட்ட வைக்கும் செயலியை ஒரு வாரத்துக்கு மேல் யாரும் திறப்பதில்லை.

டேட்டாபேஸ் அட்டவணை எப்படி இருக்க வேண்டும்?

ஒரு நாளுக்கு ஒரு பதிவா, பல பதிவுகளா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பாதியில் மாற்றினால் காலண்டர், தேடல், ஏற்றுமதி எல்லாவற்றையும் திருத்த வேண்டிவரும். ஒன்று என்றால் கீழ்க்கண்ட பத்திகள் (நெடுவரிசைகள்) போதும்:

- பயனர் எண்
- நாள்: 'டேட்' வகை, நேரம் இல்லாதது
- உரை
- மனநிலை: 1 முதல் 5 வரை, காலியாகவும் இருக்கலாம்
- பதிப்பு எண்: ஒவ்வொரு சேமிப்பிலும் ஒன்று கூடும்
- உருவான நேரம், திருத்திய நேரம்: நேர மண்டலத்தோடு கூடிய நேரமுத்திரை
- நீக்கிய நேரம்: வழக்கமாகக் காலி

பயனர் எண்ணும் நாளும் சேர்ந்து தனித்துவமாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை டேட்டாபேஸிலேயே போடுங்கள். பிரவுசரில் மட்டும் சரிபார்த்தால், ஒரே நேரத்தில் வரும் இரண்டு சேமிப்புகள் ஒரே நாளுக்கு இரண்டு வரிகளை உண்டாக்கிவிடும். நீக்கிய வரிகளையும் அட்டவணையில் வைத்திருப்பதால் அந்தக் கட்டுப்பாடு 'நீக்கிய நேரம் காலியாக உள்ள வரிகளுக்கு மட்டும்' என்ற பகுதி இன்டெக்ஸாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாளை அழித்துவிட்டு அதே நாளுக்கு மறுபடி எழுதப் போகிறவருக்குப் பிழைச் செய்திதான் கிடைக்கும். போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் இரண்டிலும் இதைச் செய்யலாம்.

குறிச்சொற்களுக்குத் தனி அட்டவணை. அவ்வளவுதான்.

நான் 10ஆம் தேதி எழுதியது 9ஆம் தேதியில் போய் உட்கார்கிறது. ஏன்?

நாட்குறிப்புச் செயலிகளில் அதிகம் வரும் பிழை இதுதான். ஒரே அறிகுறிக்கு நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, இன்றைய தேதியை எடுக்க 'டுஐஎஸ்ஓஸ்ட்ரிங்' அழைத்து முதல் 10 எழுத்துகளை வெட்டுவது. அந்த ஃபங்ஷன் தருவது யூடிசி (உலகப் பொது நேரம்) தேதி. யூடிசிக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கும் இடத்தில், அதிகாலை 5.30க்கு முன் எழுதுபவருக்கு நேற்றைய தேதி வரும். எட்டு மணி நேரம் பின்னால் இருப்பவருக்கு மாலை 4 மணிக்கே நாளைய தேதி வந்துவிடும். பகலில் மட்டும் சோதித்துப் பார்ப்பவர் கண்ணில் இது படாது.

இரண்டாவது, டேட் பிக்கர் தரும் பொருளை அப்படியே ஜேசானாக்கி சர்வருக்கு அனுப்புவது. தேர்ந்தெடுத்த நாளை உள்ளூர் நள்ளிரவாக வைத்திருக்கும் பிக்கர்களில், ஜேசானாகும்போது அது யூடிசிக்கு மாறும். கிழக்கே இருப்பவருக்கு 10ஆம் தேதி நள்ளிரவு என்பது யூடிசியில் இன்னும் 9ஆம் தேதிதான். பிழை சில நேரம் அல்ல, ஒவ்வொரு முறையும் வரும்.

மூன்றாவது, '2025-03-10' என்ற சரத்தை (ஸ்ட்ரிங்) ஜாவாஸ்கிரிப்டின் 'டேட்' கன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுப்பது. தேதி மட்டும் உள்ள சரத்தை அது யூடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். மேற்கே இருப்பவருக்குத் திரையில் 9 என்று தெரியும். வேடிக்கை என்னவென்றால், அதே சரத்தில் நேரமும் சேர்ந்திருந்தால் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும்.

நான்காவது கொஞ்சம் மறைவானது. நோடில் போஸ்ட்கிரெஸ் டிரைவர், 'டேட்' பத்தியைப் படிக்கும்போது தானாகவே ஜாவாஸ்கிரிப்ட் தேதிப் பொருளாக, சர்வரின் உள்ளூர் நள்ளிரவாக மாற்றிவிடும். டெவலப்பர் கணினியில் ஒரு விடை, சர்வரில் ஒரு விடை. டைப் எண் 1082க்கு, வந்த சரத்தை அப்படியே திருப்பித் தரும் பார்சரைப் பதிவு செய்தால் தீரும்.

மருந்து எல்லாவற்றுக்கும் ஒன்றே: நாள் என்பது செயலி முழுவதும் 'ஆண்டு-மாதம்-நாள்' வடிவச் சரமாகவே பயணிக்கட்டும். பிக்கருக்குக் கொடுக்கும் கடைசி நொடியில் மட்டும் பொருளாக்குங்கள், பிக்கரிலிருந்து வந்த அடுத்த நொடியில் மறுபடி சரமாக்குங்கள். டேஜேஎஸ் என்ற தேதி லைப்ரரியைப் பயன்படுத்தினால் அதன் 'ஃபார்மட்' உள்ளூர் தேதியையே தரும். லைப்ரரி இல்லாமல் எழுதினால் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனியாக எடுத்துக் கோர்க்க வேண்டும். மாதம் 0விலிருந்து தொடங்கும் என்பதை மறக்காதீர்கள்.

காலண்டரை வைத்ததுமே எரர் வருகிறதே?

எம்யூஐ எக்ஸ் என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். செயலியின் மேல்மட்டத்தில் 'லோக்கலைசேஷன் புரொவைடர்' இருக்க வேண்டும், அதற்கு டேஜேஎஸ், டேட்-எஃப்என்எஸ் போன்ற ஏதாவது ஒன்றின் அடாப்டர் கொடுக்க வேண்டும். தேதி லைப்ரரியைத் தனியாக நிறுவ வேண்டியதும் நீங்கள்தான். அடுத்து, டேஜேஎஸ் அடாப்டர் போட்டால் மதிப்பு டேஜேஎஸ் பொருளாக இருக்க வேண்டும். சரம் கொடுத்தால் உடையும்.

எழுதிய நாட்களுக்குக் கீழே புள்ளி வைப்பது எப்படி?

காலண்டர் காம்பொனன்டில் 'நாள்' என்ற கட்டத்தை மட்டும் மாற்ற வழி இருக்கும். மெட்டீரியல் யூஐயில் அதற்குப் பெயர் ஸ்லாட், மேன்டைனில் 'ரெண்டர் டே'. அந்த மாதத்தில் எழுதிய தேதிகளை ஒரு 'செட்' ஆக வைத்துக்கொண்டு, கட்டத்தின் தேதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சர்வரிலிருந்து தேதிகளை மட்டும் கேளுங்கள். முப்பது நாள் உரையையும் இறக்கிப் புள்ளி போடும் செயலிகள் இருக்கின்றன. கட்டத்துக்கான ஃபங்ஷனை ரெண்டருக்குள் எழுதாமல் வெளியே எழுதுங்கள். மெட்டீரியல் யூஐயின் ஸ்லாட்டுக்கானதை உள்ளே எழுதினால் ஒவ்வொரு ரெண்டரிலும் ரியாக்ட் அதைப் புது காம்பொனன்டாக நினைத்து எல்லாக் கட்டங்களையும் அழித்துக் கட்டும், கீபோர்டில் அம்புக்குறியால் நகர்பவரின் ஃபோகஸ் தொலையும்.

நள்ளிரவைத் தாண்டி எழுதுபவர்களுக்கு என்ன செய்வது?

இரவு 12.40க்கு எழுதுபவர் மனதில் அது இன்னும் முந்தைய நாள்தான். அமைப்புகளில் 'நாள் தொடங்கும் நேரம்' என்று ஒன்று வைத்து, இயல்பாக அதிகாலை 3 அல்லது 4 மணி கொடுங்கள். அந்த நேரத்துக்கு முன் திறந்தால் நேற்றைய பதிவு திறக்கட்டும்.

இன்னொன்று: 11.50க்கு எழுதத் தொடங்கியவர் 12.05க்கும் எழுதிக்கொண்டிருப்பார். ரெண்டர் ஆகும்போதெல்லாம் 'இன்று' என்பதைக் கணக்கிட்டால், பாதி எழுத்தில் பெட்டி காலியாகிப் புது நாளுக்குத் தாவிவிடும். பதிவைத் திறக்கும் தருணத்தில் அதன் தேதி உறைந்துவிட வேண்டும். டேப் மறுபடி கண்ணுக்கு வரும்போது, சேமிக்காத எழுத்து எதுவும் இல்லையென்றால் மட்டும் 'புது நாள் தொடங்கிவிட்டது' என்று ஒரு பட்டன் காட்டலாம்.

ஆட்டோசேவ் எந்த வரிசையில் நடக்க வேண்டும்?

1. விசை அழுத்தியதும் திரையில் எழுத்து. இதில் சர்வருக்கு வேலை இல்லை.
2. சுமார் 300 மில்லிசெகண்ட் அமைதிக்குப் பின் இன்டெக்ஸ்ட் டிபியில் (பிரவுசருக்குள்ளேயே இருக்கும் டேட்டாபேஸ்) டிராஃப்ட்.
3. ஒன்று முதல் இரண்டு விநாடி அமைதிக்குப் பின் சர்வருக்கு. நிறுத்தாமல் எழுதுபவருக்காக, பத்து விநாடிக்கு ஒருமுறை எப்படியும் போகட்டும்.
4. சர்வர் சரி என்று சொன்ன பிறகே 'சேமிக்கப்பட்டது' என்ற சொல். அதுவரை 'சேமிக்கிறது'.
5. சர்வர் உறுதி செய்த பதிப்பு டிராஃப்டோடு ஒத்துப்போனால் மட்டும் டிராஃப்டை அழித்தல்.

தவறு நடப்பது பெரும்பாலும் மூன்றாவது படியில். முதலில் அனுப்பிய கோரிக்கை தாமதமாகி, இரண்டாவதற்குப் பிறகு போய்ச் சேர்ந்தால் பழைய உரை புதியதை மூடிவிடும். ஒரு சேமிப்பு போய்க்கொண்டிருக்கும்போது அடுத்ததை அனுப்பாமல், முடிந்ததும் கடைசி உரையை மட்டும் அனுப்பினால் போதும்.

டேப்பை மூடும் நேரத்தில் சேமிக்க 'பிஃபோர்அன்லோட்' நிகழ்வை நம்பாதீர்கள். கைப்பேசியில் வேறு செயலிக்குப் போய், அங்கிருந்தே பிரவுசரை மூடினால் அது எழாது. 'விசிபிலிட்டி சேஞ்ச்' நிகழ்வில் பக்கம் மறைந்ததும் அனுப்புங்கள். 'ஃபெட்ச்' அழைப்பில் 'கீப்அலைவ்' போட்டால் பக்கம் போன பிறகும் கோரிக்கை பிழைக்கும், ஆனால் உடல்பகுதிக்கு 64 கேபி வரம்பு உண்டு. தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட் என்பதால் ஏறக்குறைய 21,000 குறிகளுக்கு மேல் போனால் தோற்கும். படி 2இல் வைத்த டிராஃப்ட் அப்போது காப்பாற்றும்.

'சேமிக்கப்பட்டது' என்பதை ஸ்நாக்பாரில் காட்டாதீர்கள். சில விநாடிக்கு ஒருமுறை எழும்பி எழுதுபவரைப் படுத்தும். மூலையில் சிறு எழுத்து போதும். அதைத் திரைவாசிப்பானுக்கு 'பொலைட்' முறையில் அறிவியுங்கள், அதுவும் நிலை மாறும்போது மட்டும்.

லேப்டாப்பிலும் கைப்பேசியிலும் ஒரே நாளைத் திருத்தினால்?

சேமிக்கும்போது தான் படித்த பதிப்பு எண்ணையும் சேர்த்து அனுப்ப வேண்டும். 'பதிப்பு இதுவாக இருந்தால் மட்டும் புதுப்பி' என்று எழுதினால், முந்திக்கொண்டவர் இருந்தால் பூஜ்யம் வரிகள் மாறும். சர்வர் 409 (மோதல்) என்ற பிழை எண்ணைத் திருப்பி அனுப்பட்டும். திரையில் இரண்டு உரைகளையும் அருகருகே காட்டி, எதை வைப்பது அல்லது ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ப்பதா என்று கேளுங்கள். கடைசியாக எழுதியவர் வெல்வார் என்ற விதி பொருட்பட்டியலுக்குச் சரி. நாட்குறிப்பில் அழிந்த பத்தியை மறுபடி யாராலும் எழுத முடியாது.

சர்வர் வேண்டாம், லோக்கல் ஸ்டோரேஜ் போதாதா?

மாதிரிக்குப் போதும். ஒரு தளத்துக்குச் சுமார் 5 எம்பிதான் இடம், சரம் மட்டுமே வைக்க முடியும், ஒவ்வொரு எழுத்தும் வாசிப்பும் திரையை நிறுத்திவைத்தே நடக்கும். உண்மையான செயலிக்கு இன்டெக்ஸ்ட் டிபி.

ஆனால் பிரவுசரில் மட்டும் வைப்பது எந்த வடிவிலும் நிரந்தரம் அல்ல. சஃபாரியில் ஏழு நாள் பயன்பாட்டுக்குள் பயனர் அந்தத் தளத்தைத் தொடவே இல்லையென்றால் ஸ்கிரிப்ட் எழுதிவைத்த தரவு அழிக்கப்படும். முகப்புத் திரையில் நிறுவிய செயலிக்கு இந்தச் சிக்கல் இல்லை. மற்ற பிரவுசர்களில் இடம் குறைந்தால் வெளியேற்றலாம். 'பெர்சிஸ்ட்' அனுமதி கேட்டு வாங்கிவைப்பது ஓரளவு பாதுகாப்பு. சர்வரே இல்லாமல் செய்வதென்றால் ஏற்றுமதிப் பட்டனைக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். ஜேசான் ஒன்று, வெறும் உரைக் கோப்பு ஒன்று. ஜேசானைத் திரும்ப ஏற்றும் வழியும் வேண்டும். ஏற்றிப் பார்க்காத பேக்கப் பேக்கப்பே இல்லை.

நீளமாக எழுதும்போது விசை திணறுகிறது. லைப்ரரி மெதுவானதா?

பெரும்பாலும் இல்லை. உரையின் ஸ்டேட்டைப் பக்கத்தின் உச்சியில் வைத்திருப்பீர்கள். ஒவ்வொரு விசைக்கும் காலண்டரின் 42 கட்டங்கள் வரை சேர்ந்து ரெண்டர் ஆகும். உரைப்பெட்டியையும் அதன் ஸ்டேட்டையும் தனி காம்பொனன்டாக்கி, அமைதிக்குப் பின் மட்டும் மேலே அனுப்புங்கள். தானாக உயரம் வளரும் பெட்டி, ஒவ்வொரு விசைக்கும் உயரத்தை அளப்பதால் மிக நீண்ட உரையில் அதுவும் கொஞ்சம் இழுக்கும். திரை உயரத்துக்கு நிலையான பெட்டி வைத்து உள்ளே ஸ்க்ரோல் விடுவது ஒரு வழி.

தடித்த எழுத்து, தலைப்பு, பட்டியல் எல்லாம் வேண்டும். எந்த எடிட்டர்?

முதலில் சாதாரண உரைப்பெட்டியோடு வெளியிடுங்கள். ரிச் டெக்ஸ்ட் எடிட்டர்கள் 'கன்டென்ட் எடிட்டபிள்' மேல் நிற்பவை. ஆண்ட்ராய்டு கீபோர்டுகளின் ஊகச் சொற்களோடு அவை மோதும் இடங்களைச் சரிசெய்வதே தனி வேலை. கட்டாயம் வேண்டுமென்றால் புரோஸ்மிரர் மேல் கட்டிய டிப்டேப், அல்லது மெட்டாவின் லெக்ஸிகல்.

எதை எடுத்தாலும் எச்டிஎம்எல்லாகச் சேமித்துத் திரும்பக் காட்டும்போது ஆபத்தான ஸ்கிரிப்டை நீக்கும் டாம்பியூரிஃபை போன்ற ஒரு லைப்ரரியால் சுத்தம் செய்யுங்கள். 'தன் நாட்குறிப்பில் தானே ஏன் ஸ்கிரிப்ட் எழுதப் போகிறார்' என்று தோன்றும். வேறு பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுவார். இறக்குமதிக் கோப்பு எங்கிருந்தும் வரும்.

தமிழில் எழுதும்போது மட்டும் தேடல், எழுத்து எண்ணிக்கை, குறிச்சொல் எல்லாம் தப்பாக வருகிறது?

லைப்ரரிகளும் மாதிரிக் கோடும் ஆங்கிலத்தை மனதில் வைத்தவை. தனித்தனியாகப் பார்ப்போம்.

எண்ணிக்கை: 'தமிழ்' என்ற சொல்லின் 'லெங்த்' 5. உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதே காரணம். 'இன்டில்' தொகுதியில் உள்ள 'செக்மென்டர்' 3 என்று சரியாகச் சொல்லும். 2024 முதல் முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் அது உண்டு. சொற்களை எண்ணவும் அதுவே.

குறிச்சொல்: '#மழை' என்பதைப் பிடிக்க ரெகெக்ஸில் வழக்கமான சொல்-எழுத்துக் குறியைப் போட்டால் ஒன்றும் சிக்காது, அது ரோமன் எழுத்துக்கும் எண்ணுக்கும் மட்டுமானது. யூனிகோட் எழுத்து வகையோடு 'மார்க்' வகையையும் சேர்த்து, யூனிகோட் கொடியோடு எழுதுங்கள். மார்க்கை விட்டுவிட்டால் 'மழை'யில் 'மழ' மட்டும் வரும்.

தேடல்: 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். மெய்யோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியாக. திரையில் வித்தியாசமே தெரியாது, தேடினால் கிடைக்காது. சேமிக்கும்போதும் தேடும்போதும் 'நார்மலைஸ்' செய்து என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

முழு உரைத் தேடல்: போஸ்ட்கிரெஸ் 12 முதல் தமிழுக்கான ஸ்டெம்மர் உடன் வருகிறது. அமைப்பில் 'தமிழ்' என்று குறிப்பிட்டால் பல விகுதிகளைக் கழித்துத் தேடும். எல்லா வேற்றுமை உருபுகளுக்கும் பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எஸ்கியூலைட்டின் எஃப்டிஎஸ்5இல், உரையைச் சொற்களாகப் பிரிக்கும் இயல்பான டோக்கனைசர் எழுத்தையும் எண்ணையும் மட்டும் சொல்லின் பகுதியாக எடுக்கும். உயிர்மெய்க் குறி வந்த இடத்தில் சொல் துண்டாகிவிடும். டோக்கனைசரின் 'கேட்டகரீஸ்' அமைப்பில் மார்க் வகைகளையும் சேருங்கள், அல்லது 'ட்ரைகிராம்' டோக்கனைசருக்கு மாறுங்கள்.

தோற்றம்: மெட்டீரியல் யூஐயின் இயல்பு எழுத்துரு ரோபோட்டோவில் தமிழ் இல்லை. பிரவுசர் எதையாவது எடுத்துப் போடும். நோட்டோ சான்ஸ் தமிழை உங்கள் சர்வரிலேயே வைத்து, தீமில் எழுத்துருக் குடும்பத்தை மாற்றுங்கள். ரோபோட்டோவுக்கென வைத்த எழுத்து இடைவெளியும் அதோடு போய்விடும், அது நல்லதே. வரி உயரம் 1.5 தமிழுக்கு நெருக்கடி; நீண்ட உரைக்கு 1.7 முதல் 1.8 வரை கொடுங்கள்.

என்டர் விசை: குறிச்சொல் பெட்டியில் என்டர் அழுத்தினால் சிப் ஆகும்படி செய்திருப்பீர்கள். ஒலிபெயர்ப்புக் கீபோர்டில் என்டர் சொல்லைத் தேர்வதற்கும் பயன்படும். 'இஸ் கம்போசிங்' உண்மையாக இருந்தால் அந்த என்டரை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அரைச் சொல் சிப்பாகிவிடும்.

மனநிலைக்கு முகக்குறிகள் வைக்கலாமா?

வையுங்கள், ஆனால் ஐந்து பட்டன்களாக அல்ல, ஒரு ரேடியோ குழுவாக. ஒவ்வொன்றுக்கும் எழுத்திலும் ஒரு பெயர் வேண்டும்: மோசம், சுமார், நல்லது என்று. டேட்டாபேஸில் எண்ணை மட்டும் சேமியுங்கள், பின்னால் படத்தை மாற்றலாம். உரைக்குள் முகக்குறி எழுதுவார்கள் என்பதால் மைஎஸ்கியூஎல் என்றால் எழுத்துத்தொகுதி 'யூடிஎஃப்8எம்பி4' ஆக இருக்க வேண்டும். பழைய 3 பைட் தொகுதியில் அவை ஏறாது.

தொடர்ந்து எழுதிய நாட்களை எண்ணுவது எப்படி?

எண்ணைச் சேமிக்காமல் தேதிப் பட்டியலிலிருந்து கணக்கிடுங்கள். இன்று எழுதியிருந்தால் இன்றிலிருந்து, இல்லையென்றால் நேற்றிலிருந்து, இடைவெளி வரும்வரை பின்னோக்கி. இன்னும் முடியாத நாளுக்காகத் தொடரை உடைக்கக் கூடாது. ஒரு நாள் பின்னால் போக 24 மணி நேரத்தை மில்லிசெகண்டில் கழிக்காதீர்கள்: கோடைக்கால நேரம் உள்ள நாடுகளில் ஆண்டுக்கு ஒரு நாள் 23 மணி, ஒரு நாள் 25 மணி. தேதி எண்ணைக் குறைக்கும் ஃபங்ஷனையே அழையுங்கள்.

எழுதியதைச் சர்வர் நடத்துபவரே படிக்க முடியாதபடி செய்யலாமா?

முடியும். விலை என்னவென்று தெரிந்து செய்யுங்கள். பிரவுசரில் வெப் கிரிப்டோ உண்டு, எச்டிடிபிஎஸ்ஸிலும் லோக்கல்ஹோஸ்டிலும் மட்டும் வேலை செய்யும். ஒரு சீரற்ற தரவுச் சாவியை உருவாக்கி, ஏஇஎஸ்-ஜிசிஎம் முறையில் பதிவுகளைப் பூட்டுங்கள். அந்தச் சாவியை, கடவுச்சொல்லிலிருந்து பிபிகேடிஎஃப்2 மூலம் பெற்ற இன்னொரு சாவியால் பூட்டிச் சர்வரில் வையுங்கள். ஷா-256 உடன் 6,00,000 சுற்றுகள் என்பது ஓவாஸ்ப் என்ற இணையப் பாதுகாப்பு அமைப்பின் பரிந்துரை. இப்படி இரண்டடுக்காகச் செய்தால் கடவுச்சொல் மாறும்போது எல்லாப் பதிவுகளையும் மறுபடி பூட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு சேமிப்புக்கும் புதிய 12 பைட் ஐவி (பூட்டும்போது சேர்க்கும் தொடக்க மதிப்பு) வேண்டும். ஒரே சாவியோடு ஐவி இரண்டாம் முறை வந்தால் பாதுகாப்பு உடைந்துவிடும். உள்நுழைவுக்கு அதே கடவுச்சொல்லைச் சர்வருக்கு அனுப்பினால் இந்த ஏற்பாடே வீண். பூட்டுவதற்குத் தனிச் சொல் கேளுங்கள்.

விலை: அந்தச் சொல்லை மறந்தால் எழுதியது முழுவதும் போனது போனதுதான், சர்வரில் தேடல் நடக்காது. மீட்புச் சாவியை அச்சிட்டு வைக்கச் சொல்லாமல் இதைத் தொடங்காதீர்கள்.

பூட்டாவிட்டாலும் செய்ய வேண்டியவை உண்டு. ஒவ்வொரு வினவலிலும் பயனர் எண்ணைச் சரிபாருங்கள், பதிவு எண்ணை மாற்றிப் போட்டால் அடுத்தவர் நாட்குறிப்பு திறக்கக் கூடாது. சர்வர் லாகில் உரை விழக் கூடாது. பிழை கண்காணிப்புச் சேவையில் திரைப்பதிவு வசதி இருந்தால் உரைப்பெட்டியை மறைத்துவைக்கும் அமைப்பைச் சரிபாருங்கள். உள்நுழைவுக் கடவுச்சொல்லை ஹேஷ் செய்து சேமிக்க ஆர்கான்2ஐடி நல்லது. பிகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் பார்ப்பதில்லை, தமிழில் எழுதினால் அது 24 குறிகளோடு நின்றுவிடும்.

தினமும் நினைவூட்டல் அனுப்ப முடியுமா?

சர்வீஸ் வொர்க்கரும் வெப் புஷும் வேண்டும். ஐபோனில் ஐஓஎஸ் 16.4 முதல், அதுவும் முகப்புத் திரையில் சேர்த்த செயலிக்கு மட்டுமே வரும். திறந்ததும் அனுமதி கேட்காதீர்கள். அமைப்புகளில் பயனரே நினைவூட்டலை இயக்கும்போது கேளுங்கள். ஒருமுறை மறுத்துவிட்டால் மீண்டும் கேட்க பிரவுசர் விடாது. அறிவிப்பில் பழைய பதிவின் வரியைக் காட்ட வேண்டாம், பூட்டிய திரையிலும் அது தெரியும்.

ஐபோனில் பெட்டியைத் தொட்டதும் பக்கம் பெரிதாகிறது.

எழுத்தளவு 16 பிக்சலுக்குக் கீழே இருக்கிறது. சில லைப்ரரிகளின் இயல்பு உள்ளீட்டு அளவு 14. உரைப்பெட்டிக்கு 16 அல்லது 17 கொடுங்கள். பெரிதாக்குவதையே தடுக்கும் மெட்டா குறியைப் போட வேண்டாம், பார்வை குறைந்தவர்களுக்கு அது தேவை.

டெவ் சர்வர் ஏறவே நேரம் பிடிக்கிறது. என்ன கனம்?

அநேகமாக ஐகான் தொகுப்பு. மெட்டீரியல் ஐகான்களில் 2,000க்கு மேற்பட்டவை உண்டு, மூலப் பெயரிலிருந்து இறக்குமதி செய்தால் டெவலப்மென்டில் எல்லாம் படிக்கப்படும். ஒவ்வொரு ஐகானையும் அதன் தனிப் பாதையிலிருந்து எடுங்கள். வெளியிடும் பில்டில் ட்ரீ ஷேக்கிங் மிச்சத்தைக் கழித்துவிடும். எடிட்டரையும் வரைபடத்தையும் 'லேஸி'யாக ஏற்றுங்கள்.

வெளியிட்ட பின் தோற்றம் முழுக்கக் கலைந்தால் சர்வரின் சிஎஸ்பி தலைப்பை (எந்த ஸ்கிரிப்ட், ஸ்டைல் ஓடலாம் என்று சொல்லும் பாதுகாப்பு விதி) பாருங்கள். எமோஷன் என்ற ஸ்டைல் எஞ்சின் மேல் நிற்கும் லைப்ரரிகள் ஸ்டைலைப் பக்கத்துக்குள் செருகும், கண்டிப்பான சிஎஸ்பியில் அதற்கு நான்ஸ் என்ற ஒருமுறைக் குறி வேண்டும்.

லைப்ரரியின் அடுத்த பெரிய பதிப்பு வந்தால் எல்லாம் உடையுமா?

மெட்டீரியல் யூஐ 2021இல் 5ஆம் பதிப்புக்கு வந்தபோது பேக்கேஜின் பெயரும் ஸ்டைல் எஞ்சினும் சேர்ந்தே மாறின. அந்த மாதிரி நாளுக்காக எல்லாக் காம்பொனன்டையும் சொந்த உறையில் சுற்றுவது வீண் வேலை. உரைப்பெட்டி, காலண்டர், டயலாக், அறிவிப்பு நான்கையும் மட்டும் சொந்தக் கோப்பில் சுற்றிவையுங்கள். லாக் கோப்பைக் கிட்டில் வையுங்கள். பெரிய பதிப்பு வெளியான வாரமே தாவ வேண்டாம், ஆனால் இரண்டு பதிப்புகள் பின்தங்கவும் வேண்டாம்.

வெளியிடும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பிளேரைட் என்ற பிரவுசர் சோதனைக் கருவியில் நேர மண்டலத்தை அமைக்கலாம். யூடிசிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, கோடைக்கால நேரம் உள்ள ஒன்று என்று மூன்றில், போலிக் கடிகாரத்தை இரவு 11.59க்கு வைத்து ஓட்டுங்கள். நெட்வொர்க்கைத் துண்டித்து ஒரு பத்தி எழுதி, டேப்பை மூடி, திறந்து பாருங்கள். இரண்டு டேப்பில் ஒரே நாளைத் திருத்துங்கள். சர்வரிலேயே பக்கத்தை ரெண்டர் செய்பவர்கள், தேதியை அங்கே எழுதி பிரவுசரில் வேறு தேதி வந்து ஹைட்ரேஷன் எரர் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். 'இன்று' என்ற சொல்லைப் பிரவுசரில் ஏறிய பிறகே கணக்கிட்டால் வராது. கடைசியாக, மௌஸைத் தொடாமல் கீபோர்டால் மட்டும் ஒரு பதிவு எழுதி, மனநிலை போட்டு, சென்ற மாதத்துக்குப் போய்த் திரும்பி வாருங்கள். எங்காவது ஃபோகஸ் தொலைந்தால், லைப்ரரியின் காம்பொனன்டுக்கு மேல் நீங்கள் போட்ட ஸ்டைலையும் சொந்தக் கட்டத்தையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.